குழந்தைகூட இயக்கலாம்

பூட்டு துருப்பிடித்திருந்தது. இரண்டே மாதத்தில் ஒரு பூட்டு இத்தனை அடம்பிடிக்கும் என்று பட்டன் எதிர்பார்க்கவில்லை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, சாவியை இப்படியும் அப்படியும் ஆட்டி, கதவைத் தோளால் ஒரு இடி இடித்த பிறகுதான் அது மனமிரங்கியது. காலை பதினொரு மணி. வெளியே நல்ல வெயில். உள்ளே மட்டும் பொழுது சாய்ந்தாற்போல இருந்தது, ஏனென்றால் ஹாலின் இரண்டு ஜன்னல்களையும் அட்டைப்பெட்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையோடு வளர்ந்தவள் அவள். அதனால் மூக்கைச் சுளிக்கவில்லை, வெறுமனே களைத்துப்போனாள்.

ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குப் பட்டன் என்று ஒரு பெயரா என்று கேட்கலாம். பள்ளிச் சான்றிதழில் நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். அந்த ஊரில் முதன்முதலாக டிவி விற்ற கடைக்காரரின் மூத்த மகள் அவள். பட்டனை அமுக்குகிற பெண் என்பதால் பட்டன்.

அப்பாவுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சாமான் புதிதாக வந்தாலும் முதல் பீஸை விற்கமாட்டார், வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். மரக்கதவு வைத்த கறுப்பு வெள்ளை டிவி அப்படித்தான் வந்தது, எழுபதுகளின் கடைசியில், அவளுக்கு ஏழு வயதாகும்போது. பிறகு கலர் டிவி, கேசட்டை விழுங்கிவிட்டு முக்கி முனகும் டெக், காதில் மாட்டிக்கொள்ளும் வாக்மேன், மைக்ரோவேவ் அடுப்பு, ஒயர் இல்லாத போன், இடுப்பில் அதிரும் பேஜர், கடைசியாக ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொன்றும் வந்த வாரம் உலகமே மாறிவிட்டது என்று ஊரில் பேச்சாக இருக்கும். வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குடும்பத்தோடு வந்து ஹாலில் உட்காருவார்கள். அப்பா கைவைத்த மர நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எழுந்திருக்காமலே வியாபாரம் செய்வார்.

எழுந்திருக்க வேண்டியவள் பட்டன்.

அப்பா மோதிரத்தால் நாற்காலிக் கையில் ஒரு தட்டுத் தட்டினால் டிவியைப் போட வேண்டும். இரண்டு தட்டினால் சேனலை மாற்ற வேண்டும். மூன்று என்றால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். உள்ளங்கையால் மரத்தை ஒருமுறை தடவினார் என்றால் ஆயிற்று, அணைத்துவிட்டுப் போகலாம். அந்தத் தடவல் வரும்வரை பெட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். "பாருங்க, குழந்தைகூட போடலாம்," என்பார் அப்பா வந்தவர்களிடம். கடை வாசல் பலகையிலும் அதையே எழுதி வைத்திருந்தார். அவளுக்குக் கால் கடுக்கும். வந்தவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள்.

ரிமோட் வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. தப்பித்தோம் என்று நினைத்தாள். அப்பா அதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார், காட்டி முடித்ததும் பாலிதீன் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மறுபடி நாற்காலியைத் தட்டினார். பேட்டரி வீணாகும் என்றார். மகளுக்குப் பேட்டரி தேவையில்லை அல்லவா.

தங்கை பிறந்த மறுவருஷமே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். தங்கையை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் செய்து அனுப்பியதில் பட்டனுக்கு வந்த வரன்களெல்லாம் வந்த வழியே போய்விட்டன. அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. மோதிரம் போட்ட இடது கை மட்டும் மிச்சம். ஒன்பது வருஷம் அந்தக் கை தட்டியது. தண்ணீருக்கும் தட்டும், போர்வைக்கும் தட்டும், காரணமில்லாமலும் தட்டும்.

கடைசி நாள் மத்தியானம் அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தட்டு கேட்டது. மாற்று என்கிறார். எழுந்திருக்க முடியாமலில்லை. எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஆயுசில் முதல் தடவையாக, கேட்டும் கேட்காதவளாக, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தட்டல் ஒரு மணி நேரம் தொடர்ந்தது. பிறகு நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. போய்ப் பார்த்தபோது நாற்காலியில் அப்பா இல்லை, உடம்புதான் இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வீட்டை விற்றாகிவிட்டது. நாளைக்குச் சாவி கொடுக்க வேண்டும். பழைய சாமான்காரர் இரண்டு மணிக்கு வண்டி கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டால், பத்து நாளில் அவளுக்கு வேறு ஊரில் வேலை காத்திருந்தது. ஒரு பள்ளிக்கூட விடுதியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை, கூடவே தனி அறை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் வேலை, முதல் அறை. அந்த அறைக்குக் கதவு உண்டா, உள்ளே தாழ்ப்பாள் உண்டா என்று போனில் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள்.

மின்சாரத்தைப் போன வாரமே துண்டித்துவிட்டார்கள். ஜன்னல் இடுக்கில் வந்த வெளிச்சத்தில் டெக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். கறுப்பு வெள்ளை டிவியின் ஒயரைச் சுருட்டிச் சணலால் கட்டினாள். பிளக் அவள் கையில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் நாற்காலி.

டொக்.

பல்லியாக இருக்கும் என்று மனசு சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டிருந்தாள். முழங்கால் வலிக்கிறது, இடுப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது, அதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. உடம்பு அவளைக் கேட்கவில்லை.

டிவியின் கண்ணாடி மெல்லச் சாம்பல் நிறமாக வெளுத்தது.

பிளக் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

திரையில் பூச்சி பறந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் பத்துப் பேர் வாய்க்குள்ளேயே பேசிக்கொள்வதுபோல ஒரு முணுமுணுப்பு. கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரக்காரன் நெற்றி மாதிரி கொதித்தது.

டொக். டொக்.

அவள் கை குமிழைத் திருகியது. அவள் திருகவில்லை. கைதான் திருகியது.

"அப்பா," என்றாள் மெதுவாக. "எனக்கு முடியலப்பா."

டொக். டொக்.

வாசலில் வண்டியின் ஹார்ன் ஒலித்தது. திரை அணைந்தது. இரண்டு மணி என்று சொன்ன பழைய சாமான்காரர் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். ஒரு மனுஷன் நேரம் தவறி வந்ததற்காக அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது.

ஏறுகிற ஒவ்வொரு பெட்டியையும் அவள் வாசலில் நின்று எண்ணினாள். டிவி இரண்டு, டெக், கம்ப்யூட்டர், அடுப்பு, போன்கள், பாலிதீன் உறையோடு ரிமோட். உடைத்துவிடுவீர்களா என்று கேட்டாள். செம்பும் இரும்பும் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம், ஒரு திருகாணி மிஞ்சாது என்று அவர் உறுதி சொன்னார். அவளுக்கு மூச்சு சீரானது. நாற்காலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மரச்சாமான் தனக்கு வேண்டாம் என்றார் அவர். வீட்டை வாங்கியவர்களோ ஒரு துரும்பும் இல்லாமல் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள். தங்கைக்குப் போன் போட்டாள். அப்பா உட்கார்ந்த நாற்காலி, ஹாலில் போட்டுக்கொள்ளலாம், அனுப்பு என்றாள் தங்கை. அந்த வண்டியிலேயே அது போயிற்று.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். ஆனால் அது கடைக்காரர் வீடு. பிளக் வைத்ததுதான் அங்கே சாமான், அதற்குத்தான் உயிர், அதைத்தான் துடைப்பார்கள், மூடி வைப்பார்கள், ஊருக்குக் காட்டுவார்கள். மற்றதெல்லாம் அதைப் பார்ப்பதற்காக உட்காரும் மரக்கட்டை. ஐம்பத்திரண்டு வருஷம் அப்படி வாழ்ந்தவளுக்கு, ஒயர் இல்லாத ஒரு பொருளைச் சந்தேகப்படத் தெரியவில்லை.

தங்கையின் வீடு ஆறாவது மாடியில் இருந்தது. தங்கை, அவளுடைய ஆறு வயது மகள் குட்டி, வேலை விஷயமாக மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கும் தங்கை கணவர். அங்கே தங்கிய அந்தப் பத்து நாளும் பட்டன் தூங்கித் தீர்த்தாள். காலையில் தூங்கினாள், சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள், துணி மடிக்கும்போது பாதியில் தூங்கினாள். இவ்வளவு தூக்கத்தை எங்கே வைத்திருந்தாய் அக்கா என்று தங்கை கேலி செய்தாள். ஒன்பது வருஷத்துப் பாக்கி என்றாள் இவள். இருவரும் சிரித்தார்கள்.

அந்தத் தூக்கத்தில் அவள் ஒன்றைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள். குட்டி கால் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். வளர்கிற வயசு, எலும்பு நீளும், வலிக்கத்தான் செய்யும் என்று தங்கை தைலம் தேய்த்துவிட்டாள். பள்ளிவிட்டு வந்ததும் விளையாடப் போகிற பிள்ளை, போகாமல் ஹாலிலேயே நின்றாள். கீழே உட்கார் என்றால் உட்காருவாள், தலை மறைந்ததும் எழுந்து நின்றுகொள்வாள். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சிவந்து தடித்திருந்தன. பென்சிலை அழுத்திப் பிடிக்கவைக்கிறார் என்று டீச்சர்மேல் பழி போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பட்டனின் பை கதவருகே தயாராக இருந்தது. ஐந்தரைக்குப் பஸ். வழிக்குப் பிஸ்கட் வாங்கி வருகிறேன் என்று தங்கை கீழே போனாள். பட்டன் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். வெளியே சிணுங்கலாக மழை பிடித்திருந்தது. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கார்ட்டூன்.

டொக். டொக்.

கார்ட்டூன் போய்ச் செய்தி வந்தது.

சீப்பு தலையிலேயே நின்றது.

டொக். டொக்.

செய்தி போய் ஏதோ பாட்டு.

அவள் ஹாலுக்கு வந்தாள். குட்டி டிவிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, நேராக நின்றிருந்தாள். சுவரில் மாட்டிய தட்டை டிவி. குமிழ் இல்லை, பட்டன் இல்லை. குழந்தையின் விரல்கள் டிவியின் ஓரத்தில், வெறும் காற்றில், வட்டமான எதையோ இறுக்கிப் பிடித்திருந்தன. ரிமோட் அவளுக்கு எட்டாத அலமாரி உச்சியில் கிடந்தது. எதிர்ச் சுவரோரம், சோபாவுக்குப் பக்கத்தில், நாற்காலி.

காலியாகத்தான் இருந்தது.

நாற்காலிக் கையில் மோதிரம் பட்டுப் பட்டுக் குழிந்த இடம் ஒன்று உண்டு. அந்தக் குழியில் இருந்த தூசி துள்ளியது.

டொக். டொக்.

குழந்தையின் மணிக்கட்டு திரும்பியது. பாட்டு போயிற்று.

"குட்டி," என்றாள் பட்டன்.

குட்டி தலையைத் திருப்பவில்லை. கண் மட்டும் இந்தப் பக்கம் வந்தது. அந்தக் கண்ணைப் பட்டனுக்குத் தெரியும். முப்பது நாற்பது வருஷம் கண்ணாடியில் பார்த்த கண் அது.

"பெரியம்மா, கால் வலிக்குது."

"வா, இங்க வா. என்கிட்ட வந்துடு."

"போகக் கூடாதாம். இன்னும் பாக்கணுமாம்."

"யாரு? தாத்தாவா?"

"எல்லாரும்," என்றாள் குழந்தை.

பட்டன் பாய்ந்து குழந்தையைத் தூக்கப் போனாள். தூக்க முடியவில்லை. இருபது கிலோகூட இல்லாத பிள்ளை தரையோடு திருகி முடுக்கியதுபோல நின்றது. நாற்காலியை வெளியே தள்ளப் பார்த்தாள். வண்டியிலிருந்து அதை ஒற்றை ஆளாகத் தூக்கி வந்திருந்தார் பழைய சாமான்காரர். இன்று அது அசையவில்லை, ஒரு முழு ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலி எப்படி அசையாதோ அப்படி. சாய்மானம் வெதுவெதுவென்று இருந்தது. அப்பாவின் தலைத் தைல வாசனை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கடைசி நாளில் அப்பா இரண்டு தட்டினார், மறுபடி இரண்டு தட்டினார். அணைக்கச் சொல்லவே இல்லை. ஆரம்பித்ததை யாரும் இன்னும் முடிக்கவில்லை.

உள்ளங்கையை நாற்காலிக் கைமேல் வைத்து, அப்பா செய்கிற மாதிரியே, மெதுவாக ஒரு தடவு தடவினாள்.

டிவி அணைந்தது.

குழந்தை முறிந்த கிளையாகச் சரிந்தாள். பட்டன் அவளை மடியில் ஏந்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கன்னம் சுடவில்லை, மூச்சு ஒழுங்காக வந்தது, பாவம், அடித்துப்போட்டதுபோலத் தூங்கிவிட்டாள். முடிந்தது என்று பட்டன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இந்தக் கடனையும் கழித்தாயிற்று. மணி நாலே முக்கால். தங்கை வந்ததும் நாற்காலியை உடைத்து வீசச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம். நாளைக்கு இந்நேரம் அந்த அறை, அந்தத் தாழ்ப்பாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகைகூட வந்தது.

டொக்.

டிவி உயிர்பெற்றது.

மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் வலது கை, கண் திறக்காமலே, மெல்ல மேலே எழும்பியது. விரல்கள் காற்றில் குமிழைத் தேடின.

அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அது மறுபடி எழும்பியது. மறுபடி இறக்கினாள். தடவல் அப்பா தந்தால்தான் தடவல் போலிருக்கிறது. தானே தந்துகொள்கிற விடுதலை இந்த வீட்டில் செல்லாது. அவளுக்குக் கோபம் வந்தது. ஐம்பது வருஷமாக வராமல் சேர்ந்திருந்த கோபம், வந்த வேகத்திலேயே களைப்பாகவும் மாறிவிட்டது. கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"குழந்தைய விடுங்கப்பா," என்றாள். "அவளுக்கு வேண்டாம். நான் போடறேன்."

குட்டியின் கை தொப்பென்று விழுந்தது.

பட்டன் குழந்தையைத் தூக்கினாள். இப்போது லேசாக இருந்தாள். உள்ளே கட்டிலில் கிடத்தி, போர்த்திவிட்டு, அந்தச் சிவந்த விரல்களை ஒருமுறை நீவிவிட்டாள். கதவைச் சாத்தினாள். ஹாலைக் கடக்கும்போது கதவருகே நின்ற தன் பையைப் பார்த்தாள். ரொம்ப நேரமெல்லாம் பார்க்கவில்லை. பார்த்தால் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். டிவிக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டி, குழந்தை நின்ற இடத்தில் போய் நின்றாள். கையை நீட்டியதும் குமிழ் கிடைத்தது. குளிர்ந்த, வரிவரியான, பழைய குமிழ்.

டொக். டொக்.

மாற்றினாள்.

சோபாவின் ஒரு முனை அமுங்கியது. அப்புறம் அடுத்த இடம். அப்புறம் நடு. பிரம்பு மோடா ஒன்று தானாக நகர்ந்து வந்து நின்றது. யாரோ செருமினார்கள். யாரோ ஒரு கைக்குழந்தையை ஷ்ஷ் என்று அடக்கினார்கள்.

"உக்காருங்க," என்றாள் பட்டன், அவர்கள் பக்கம் திரும்பாமல். "போட்டுக் காட்டறேன்."

வாசல் கதவு திறந்தது. மழையில் நனைந்த குடையும் பிஸ்கட் பொட்டலமுமாகத் தங்கை நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். ஹாலைப் பார்த்தாள். அக்கா மட்டும் டிவியோரம் நிற்கிறாள், சோபா காலியாக இருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல வந்தவள் அதைச் சொல்லவில்லை. தலையைத் திருப்பி, வெளியே தரையை இன்னொரு முறை பார்த்தாள்.

"யாருக்கா வந்திருக்காங்க?" என்றாள் குரலைத் தாழ்த்தி. "வாசல்ல இவ்வளவு செருப்பு கிடக்குது."